சொரிமுத்துவைப் பற்றிப் பத்து வாக்கியம்

வாயைத் திறக்கக் கூடாது, உட்காரக் கூடாது, புத்தகம் விரிக்கக் கூடாது, செல்போனைத் தொடக் கூடாது, சன்னல் வழியே ரொம்ப நேரம் வெளியே பார்க்கக் கூடாது, இப்படியெல்லாம் சொல்லி ஒரு மனுஷியை மூன்று மணி நேரம் நிற்க வைத்துவிட்டு அதற்கு மேற்பார்வை என்று பெயர் வைத்தால், இங்கே யார் யாரை மேற்பார்க்கிறார்கள் என்று ஆவுடைக்கனி முதல் அரை மணி நேரமும் மனசுக்குள் வழக்காடிக்கொண்டிருந்தாள். ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, பிடித்திருந்தது. பத்து மணிக்கு மணி அடித்ததும் இருபத்தேழு தலைகள் ஒன்றாகக் குனிந்தது பிடித்திருந்தது. தாளில் பேனா உராய்கிற சத்தம், நடு மின்விசிறி மட்டும் சுற்றுக்கு ஒரு தரம் கடக் என்று சொல்வது, முன்வரிசைப் பையன் எழுந்து "மேடம், அடிஷனல் ஷீட்" என்றது, எல்லாமே பிடித்திருந்தது. மேடம்! நேற்று ராத்திரி வரை விடுதி மெஸ்ஸில் தண்ணிச் சாம்பாரை எதிர்த்து மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தவள், ஆங்கிலத் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷத்தில் நெறியாளரிடம் பதினொரு முறை சண்டை போட்டவள், இன்றைக்குத் தேர்வு ஹாலிலேயே மேடம். இங்கே அவள் நிற்கவே கூடாது என்பதுதான் வேடிக்கை. ஆங்கிலத் தேர்வு அன்றைக்கு ஆங்கிலத் துறை ஆளை ஹாலுக்குள் விடுவதில்லை, எழுதி வைக்காத சட்டம் அது. வரவேண்டிய விலங்கியல் துறைக்காரரின் மகளுக்கு அம்மை போட்டுவிட்டது. தேர்வுக்குப் பொறுப்பான பாக்கியநாதன் சார், வேதியியல்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "கனி, நீங்க போங்கம்மா. ஆனா ஒண்ணு, இங்கிலீஷே தெரியாத மாதிரி நிக்கணும்" என்றார். "அது எப்படி சார் நிக்கிறது?" "எங்க டிபார்ட்மெண்டுல பாதிப் பேரு கெமிஸ்ட்ரி தெரியாமத்தான் முப்பது வருஷமா நிக்கோம். கஷ்டமே இல்ல." அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த விடைத்தாள் கட்டு நழுவப் பார்த்தது.

தெரியாத மாதிரி நின்றாள். ஆனால் கேள்வித்தாள் கையிலிருந்தால் கண் சும்மா இருக்குமா? மிச்சமிருந்த ஒரு தாளை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்தாள். கோடிட்ட இடத்தை நிரப்பு, ஐந்து மதிப்பெண். ராஜா மாம்பழத்தைக் கொண்டுவந்து இன்னாருக்குக் கொடுத்தான், மாணவர்கள் தலைமையாசிரியரைக் கண்டு இன்னாரை வணங்கினார்கள். இந்த மாம்பழ ராஜா எத்தனை வருஷமாகப் பழம் கொடுத்துக்கொண்டிருக்கிறான்? கல்லூரிக்கு வந்த பெரிய பிள்ளைகளுக்கு இவனைத் தவிர வேறு ஆளே கிடைக்கவில்லையா? அடுத்தது இன்னும் மோசம். உங்கள் வீட்டில் உள்ள ஒருவரைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதுக, அவற்றில் ஐந்து இடத்திலாவது ஹிம், ஹெர், தெம் போன்ற சொற்களைச் சரியாகப் பயன்படுத்துக, பத்து மதிப்பெண். பயன்படுத்துவதாம்! வீட்டு மனுஷர் ஒருத்தரை எழுதச் சொல்லிவிட்டு, மேலே கொத்தமல்லி தூவுவது மாதிரி ஐந்து இடத்தில் தூவச் சொல்கிறார்கள். இந்தத் தாளைத் தயாரித்தவர் யாரென்று தெரிந்தால் அவர் அறைக்கே போய்க் கேட்டிருப்பாள். கேட்டு என்ன, பன்னிரண்டாவது சண்டையாக ஆகியிருக்கும். முதல் சுற்று முடியும்போது மூன்றாம் பெஞ்சு, சன்னலோரம், முப்பிடாதி. அவளைப் பார்த்ததும் கனியின் நடை மெதுவானது. வணிகவியல் மூன்றாம் வருஷம் முடிக்கிறாள், முதல் வருஷத்து ஆங்கிலத் தாள் மட்டும் இன்னும் நிற்கிறது. நாற்பது வாங்கினால் தேறலாம். முதலில் முப்பத்தாறு, அடுத்த தரம் முப்பத்தேழு. கோயம்புத்தூரில் ஒரு மில் அலுவலகத்தில் வேலைக்குத் தேர்வாகிவிட்டாள். ஜூன் பத்தாம் தேதி சேர வேண்டும், அரியர் ஒன்றும் இல்லை என்ற சான்றோடு. இல்லையென்றால் அந்த நாற்காலி அடுத்த பெயருக்குப் போய்விடும். இதெல்லாம் கனிக்குத் தெரியும், ஏனென்றால் அரியர் பிள்ளைகளுக்கு ஆறு சனிக்கிழமை வகுப்பெடுத்ததே அவள்தான். குனிந்து பார்க்காமலே பார்த்தாள். கோடிட்ட இடம் ஐந்தும் சரி. தலைமையாசிரியருக்கு ஹிம். அழகான, உருண்டையான ஹிம். அடிப் பெண்ணே! கனிக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டக் கூடாது. கரும்பலகைப் பக்கம் போய், யாரோ துடைக்காமல் விட்ட ஒரு கணக்கின் வாலைத் தன் விரலால் துடைத்தாள்.

அந்த மூன்றாவது சனிக்கிழமை நினைவுக்கு வந்தது, சந்தோஷமாகவே வந்தது. அன்றைக்கு இதே பாடம்தான். அப்பா வந்தார், நான் ஹிம்மைப் பார்த்தேன் என்று பலகையில் எழுதியபோது பின்னாலிருந்து முப்பிடாதி எழுந்து, "அப்பாவைப் போய் எப்படி மேடம் ஹிம்முன்னு எழுத? அவனைன்னு சொன்ன மாதிரில்லா இருக்கு?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. கனிக்கு உச்சி குளிர்ந்தது. இப்படி ஒரு கேள்விக்காகத்தானே ஆசிரியர் வேலைக்கே ஆசைப்பட்டாள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நாற்பது நிமிஷம் பிடித்துக்கொண்டாள். அவன் என்றும் அவர் என்றும் அவர்கள் என்றும் ஆளுக்கு ஒரு படிக்கட்டு கட்டி வைத்திருப்பது யார்? பண்ணையாருக்கு ஒரு சொல், பண்ணையாளுக்கு ஒரு சொல்லா? ஆங்கிலத்தில் கலெக்டரும் ஹிம்தான், ஆடு மேய்க்கிறவரும் ஹிம்தான், அந்த ஒரு விஷயத்துக்காகவே வெள்ளைக்காரனை மன்னிக்கலாம் (முழுசாக இல்லை). "நான் எங்க அப்பாவை நீ வா போன்னுதான் சொல்லுவேன். எங்களுக்குள்ள பாசம் கொறஞ்சா போச்சு? மரியாதைங்கிறது வாயில இல்ல, மனசுல இருக்கு!" கைதட்டினார்கள். யாரோ ஒருத்தன் விசிலே அடித்தான். முப்பிடாதி உட்கார்ந்து நோட்டில் ஹிம் என்று எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டாளா? ஏதோ எழுதினாள். அன்றைக்கு விடுதிக்குத் திரும்பி அறைத்தோழி பொன்செல்வியிடம் முழு வாதத்தையும் மறுபடி நடித்துக் காட்டினாள். செல்வி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "அந்தப் பிள்ளைக்குப் புரிஞ்சுதா, இல்ல ஒனக்குப் புரிஞ்சுதா?" என்றாள். பொறாமை. அவளுக்குக் கணிதம், அதில் வாதாட ஒன்றுமே கிடையாது, பாவம்.

பதினோரு மணிக்கு டீ வந்தது, கூடவே இரண்டு பிஸ்கட்டு. நின்றுகொண்டே குடிக்கலாம், அதற்கு மட்டும் அனுமதி. பிஸ்கட்டை நனைத்து, உடைவதற்குள் வாயில் போட்டு, நாக்கில் அது கரைகிறபோது இந்த அறை, இந்த வெயில், எதிரே தெரிகிற தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் நின்று வெள்ளையடிக்கிற ஆள், கடக் என்கிற மின்விசிறி, எல்லாமே தன்னுடையது போல இருந்தது. ஐந்து வருஷத்தில் இப்படி ஒரு ஹாலில் நிரந்தரமாக நிற்பாள், அப்போது மாம்பழ ராஜாவை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை. இரண்டாம் சுற்று. முப்பிடாதி பத்து வாக்கியத்துக்கு வந்திருந்தாள். கனி அவளைத் தாண்டி இரண்டு அடி போன பிறகுதான் கண்ணில் பட்டது மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. கால் நின்றது. திரும்பினாள், கீழே கிடந்த ஒரு பென்சில் மூடியை எடுக்கிற சாக்கில். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தாள், கனியின் தலைக்குள் அது தமிழாகவே ஓடியது. என் அப்பா பெயர் சொரிமுத்து. அப்பா தேய்ப்புவண்டி வைத்திருக்கிறார். ஜனங்கள் துணிகளைக் கொண்டுவருகிறார்கள். அப்பா தெம்மைத் தேய்க்கிறார். மாலையில் நான் தெம்முக்கு உதவி செய்கிறேன். கரி அள்ளிப்போடும்போது தெம்முக்கு இருமல் வருகிறது. அம்மா தெம்மைத் திட்டுகிறாள். எனக்குத் தெம்மை ரொம்பப் பிடிக்கும். கடவுளே. துணியும் தெம், சொரிமுத்துவும் தெம். திருத்துகிறவர் இதைப் படித்தால் துணிக்கு இருமல் வருகிறது என்றல்லவா நினைப்பார், பெட்டி போட்ட சட்டையை ஒரு பெண்ணுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றல்லவா நினைப்பார். அவங்க, அவங்களை, அவங்களுக்கு. ஒரே ஆளைப் பன்மையில் தூக்கி உட்கார வைக்கிற பழக்கம், நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டுமே செய்கிற தப்பு, ஆறு சனிக்கிழமையும் அடித்துத் திருத்திய அதே தப்பு.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கோபம் வந்தது. முதலில் கேள்வி தயாரித்தவர் மேல், வீட்டு ஆளைப் பற்றி எழுது என்று ஏன் கேட்டார், மாம்பழ ராஜாவைப் பற்றியே கேட்டிருக்கலாமே. பிறகு ஆங்கிலத்தின் மேல், இத்தனை கோடிச் சொல் வைத்திருக்கிற பாஷைக்கு ஒரு பெரிய மனுஷரைச் சொல்ல ஒரு நல்ல சொல் இல்லையா என்று. இதே கனிதான் அது இல்லாததற்காக நாற்பது நிமிஷம் அதைக் கொண்டாடினாள். அங்கே நினைப்பு சிக்கிக்கொண்டது. சேலை முள்ளில் மாட்டின மாதிரி, இழுத்தால் கிழியும். நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்தில் ஒரு தரமாவது அவளை எழுப்பி, நீ ஒரு வாக்கியம் சொல்லு பார்ப்போம் என்று கேட்டாளா? இல்லை. ஜெயித்தாள், அவ்வளவுதான். ஜெயித்ததும் பாடம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கைதட்டினவர்கள் எல்லாம் தேறிப் போவார்கள், கேள்வி கேட்டவள் மூன்றாவது தரமும் முப்பத்தெட்டில் நிற்பாள். இது என் மார்க், என்று தோன்றியது, அந்தத் தாளில் விழப்போவது என் மார்க். மணி பன்னிரண்டே கால். ஒரு விரல் போதும். பேச வேண்டாம், நடக்கிறபோது அந்த வரியில் சுட்டுவிரலை ஒரு நொடி வைத்தால் போதும், புத்திசாலிப் பிள்ளை, கோடிட்ட இடத்தைச் சரியாக எழுதியவள், பிடித்துக்கொள்வாள். யாராவது பார்த்தால்? பின்பெஞ்சுப் பையன் பார்த்து வெளியே சொன்னால்? மேற்பார்வைக்கு வந்த ஆராய்ச்சி மாணவி விடை சொல்லிக்கொடுத்தாள் என்று ஒரு வரி போதும், உதவித்தொகை போகும், நெறியாளர் பதினொரு சண்டைக்கும் சேர்த்துச் சிரிப்பார், பாங்கு மேனேஜரான அப்பா தலை குனிவார். அதற்கு மேலே இன்னொன்றும் இருந்தது, அதுதான் நியாயமானது, இந்த அறையில் மற்ற இருபத்தாறு பேருக்கும் விரல் வைக்க யார் இருக்கிறார்கள்? விரல் வைக்கிற பக்கம் ஏழு காரணம், வைக்காத பக்கம் ஒன்பது. வாதத்தில் வைக்காத பக்கம் சுத்தமாக ஜெயித்தது. ஜெயித்த பக்கத்தை விட்டுவிட்டுக் கால் மூன்றாம் பெஞ்சை நோக்கி நடந்தது.

பக்கத்தில் போய் நின்றாள். உள்ளங்கை வியர்த்து, மடித்து வைத்திருந்த கேள்வித்தாள் ஈரமாகியிருந்தது. முப்பிடாதி கடைசிக் கேள்விக்குப் போயிருந்தாள், ஆனால் பத்து வாக்கியம் இருந்த பக்கம் இடதுபுறம் விரிந்தே கிடந்தது. விரலைக் கொண்டுபோனாள். பாதி தூரம். மின்விசிறி கடக் என்றது. "மேடம்" என்றாள் முப்பிடாதி, தலையைத் தூக்காமல், கொஞ்சம் சத்தமாகவே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கியோ." முன்வரிசையில் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். கனியின் முகம் காது வரைக்கும் சுட்டது. விரலை மடக்கி, அந்த விரல் ஏதோ சேலை நுனியைச் சரிசெய்யவே வந்தது போலச் சரிசெய்து, தள்ளி நின்றாள். தள்ளி என்றால் மேசை வரைக்கும். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு ஆள் தன் ஆராய்ச்சியையே பணயம் வைத்து வந்து நிற்கிறாள், வெளிச்சத்த மறைக்கியோ! அப்புறம், என்ன மாயமோ, அந்த ஆத்திரத்துக்கு அடியிலிருந்து ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. செய்யவில்லை. செய்ய விடவில்லை. மிச்ச நேரம் முழுக்க விடைத்தாள் கட்டுகிற நூலை வெட்டி வெட்டி வைத்தாள், யாரும் கேட்காத அளவுக்கு நூல்.

ஒரு மணிக்கு மணி அடித்தது. வரிசையாகத் தாளை வாங்கிக்கொண்டே வந்தாள். பின்பெஞ்சுப் பையன் "தேங்க்யூ மேடம், ரொம்ப டிஸ்டர்ப் பண்ணல நீங்க" என்று சான்று கொடுத்துவிட்டுப் போனான். முப்பிடாதி கடைசியாகத்தான் எழுந்தாள், நூலை இரண்டு முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து வெட்டிக் கொடுத்தாள். தாள் கைக்கு வந்துவிட்டது, இனிமேல் பேசலாம், சட்டத்தில் இடமிருக்கிறது.

"முப்பிடாதி, ஒரு நிமிஷம் இரு. கோடிட்ட இடமெல்லாம் சரியா எழுதிட்ட. ஹெட்மாஸ்டருக்கு ஹிம் போட்டிருக்க. அப்பாவுக்கு மட்டும் தெம்முன்னு போட்டிருக்கியே, மறந்துட்டியா?"

"மறக்கல மேடம்."

"பின்ன?"

பேனாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, கழற்றி மறுபடி மூடினாள். "ஹெட்மாஸ்டர ஊரே சாருன்னு கூப்பிடுது. ஹிம்முன்னு எழுதினா அவுகளுக்கு ஒண்ணும் கொறஞ்சு போவாது. எங்க அப்பாவ, நாலாங்கிளாஸ் படிக்க பய கூட 'ஏய் சொரிமுத்து, அம்மா சேல கேக்கா, கொண்டாடா'ன்னுதான் சொல்லுதான். அவங்கன்னு சொல்ல நானும் எங்க அம்மையுந்தான் இருக்கோம். அதுலயும் அம்மை பாதி நேரம் ஏசத்தான் செய்யா."

கனி வாயைத் திறந்தாள். மூன்று மணி நேரம் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்த வாய். "இத அன்னைக்கு வகுப்புலயே சொல்லியிருக்கலாமே?"

"அன்னைக்கு நீங்க கைதட்டு வாங்கிட்டியளே மேடம்" என்றாள் முப்பிடாதி, கோபமில்லாமல், வகுப்பு எத்தனை மணிக்கு முடிந்தது என்று சொல்வது போல.

"மார்க்கு போயிருமே."

"போவும். கூட்டிப் பாத்துட்டேன். மத்ததுல முப்பத்தாறு நிச்சயம். இதுல பத்துக்கு நாலு போட்டா தேறிருவேன்."

"போடலைன்னா? வேலை?"

சன்னல் பக்கம் பார்த்தாள். "அதான் மேடம் ஒரு மணி நேரமா யோசிச்சுக்கிட்டே இருந்தேன். ரெண்டு தரம் அடிச்சுட்டு ஹிம்முன்னு எழுதப் போனேன். எங்க அப்பாட்ட கேட்டா, 'அதையே எழுதிரு தாயி, எனக்கென்ன இங்கிலீசா தெரியப்போவுது'ன்னுதான் சொல்லுவாங்க. நல்லவேள, ஹாலுக்குள்ள அவங்க இல்ல." சிரித்தாள். "வாரேன் மேடம். பசிக்கி."

போய்விட்டாள். செருப்புச் சத்தம் படிக்கட்டில் இரண்டிரண்டாக இறங்கியது. கனி இருபத்தேழு தாளையும் மேசையில் போட்டு வரிசை எண்ணுக்கு அடுக்கத் தொடங்கினாள், கை அடுக்கியது, மனசு வழக்கம்போல எதிர்வாதத்தைத் தேடிப் போனது. மூன்று கிடைத்தன. ஒன்று, திருத்துகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும். இரண்டு, ஒரு பாஷைக்குள் போனால் அதன் வழக்கத்துக்குத்தான் நடக்க வேண்டும். மூன்றாவது ஞாபகத்துக்கு வருவதற்குள் வேறொன்று வந்தது. பிப்ரவரி மாதம், கல்லூரி அலுவலகம், ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். காதோரம் நரைத்த ஒரு மனுஷர் கையெழுத்துப் போட வந்து கவுண்டரில் நிற்கிறார், அட்டெண்டர் அவரைப் பார்த்து, "ஏய், எங்க நுழையுத? ஒம் மவ எந்தக் கிளாசு?" என்கிறார், அதே வாயால் அடுத்து வந்த வெள்ளைச் சட்டைக்காரரை "வாங்க சார், உக்காருங்க" என்கிறார். படிக்கட்டுக்குக் கீழே முப்பிடாதி நிற்கிறாள். சாம்பாருக்கு மனு எழுதிய கனி அங்கே என்ன செய்தாள்? ஸ்டேப்ளர் பின் தேடினாள். தேடித் தேடி எடுத்தாள். எங்க அப்பாவை நீ வா போன்னுதான் சொல்லுவேன்! சொல்லலாம்தான். காலையில் பாங்குக் கதவு திறக்கிறதுக்குள் பத்துப் பேர் சார் சொல்லிவிடுகிற ஒரு மேனேஜரை மகள் நீ என்றால் அது பாசம். அவர் வீட்டில் கழற்றிப் போடுவதற்கு ஒரு மரியாதை இருக்கிறது, அதனால் கழற்றிப் போடுகிறார். மரியாதை வாயில் இல்லை என்று கைதட்டு வாங்கியவளுக்கு, வாயில்கூட அது கிடைக்காத ஆளின் மகள் நாலு மார்க்கைப் பணயம் வைத்துப் பதில் எழுதிவிட்டாள். பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வாதத்தில் தோற்றதில்லை. எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவும் இல்லை. யாரோ தலையில் கனத்துக் கிடந்த ஈரத்துண்டை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பாக்கியநாதன் சாரிடம் கொடுத்து, கையெழுத்துப் போட்டாள். "என்னம்மா, இங்கிலீஷ் தெரியாம நின்னீங்களா?" "நல்லாவே தெரியாம நின்னேன் சார்." அவர் சிரித்துக்கொண்டே முத்திரை வைத்தார்.

வெளியே படிக்கட்டில் கல் சுட்டது. நிழல் விழுந்த படி ஒன்றும் இல்லை, நின்றபடியே செல்போனை எடுத்தாள். அப்பாவுக்கு இது சாப்பாட்டு நேரம், டிபன் பாக்ஸ் திறக்கிற சத்தம் முதலில் கேட்டது.

"என்ன கனி, டூட்டி முடிஞ்சுதா? யாரையாவது பிடிச்சியா?"

"பிடிக்கல. அப்பா, நம்ம தெரு முனையில தேய்ப்புவண்டி வச்சிருக்காங்கல்ல?"

"யாரு, மாடசாமியா? அவன் இருக்கானே. நேத்துக் கூட என் சட்டையக் கருக்கிட்டான், படவா. ஏன், ஒனக்கு ஏதும் தேய்க்கணுமா?"

"இல்ல. அவங்களுக்கு ஒன்னைவிட எத்தனை வயசு கூட இருக்கும்?"

"அவனுக்கா? எட்டு, பத்து வயசு கூட இருக்கும். இதென்ன கேள்வி? நீயுந்தான சின்ன வயசுல அந்த வண்டிப் பக்கமே நின்னு, மாடசாமி, சட்டய எடுடா எடுடான்னு கத்துவ. நாங்கல்லாம் வாசல்ல நின்னு சிரிப்போம்."

மூன்று மணி நேரமாக நின்ற கால். ஆவுடைக்கனி அந்தச் சூட்டுக் கல்லிலேயே உட்கார்ந்தாள்.

"மத்தியானம் ஒனக்கு மீட்டிங் ஏதும் இருக்கா?"

"மூணு மணிக்குத்தான். ஏன்?"

"சாப்பிட்டுக்கிட்டே கேளு" என்றாள். "கொஞ்சம் நேரமாவும்."